ஓமம் இல்லண்ணா

என் வீட்டுக்காரர் பேசும் தமிழைத் திருத்துவதைக் கல்யாணமான மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வீட்டில் பேச்சு சுத்தமாக இருக்கும், அல்லது அப்படி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இவரோ கள்ளிக்குப்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளான பிறகு மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராகச் சேர்ந்தவர். வாயைத் திறந்தால் 'கீது', 'வந்துகினு', 'ஊட்டாண்ட'. பெண் பார்க்க வந்த அன்று "பொண்ணு சோக்கா கீதுடா" என்று அவருடைய அண்ணன் சொன்னது அடுப்படிவரை கேட்டது. அம்மா முகத்தைச் சுளித்தாள்.

இருபத்திரண்டு வருடம் திருத்தினேன். "வாழைப்பழம்னு சொல்லுங்க" என்பேன். "வாயப்பயம்" என்பார். வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர் பாதி சொல்வதற்குள் மீதியை நான் சொல்லி முடித்துவிடுவேன். பேங்க், ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், எங்கே போனாலும் பேசுகிறவள் நான்தான். "நமக்கு வாயி அவதான் மாமே" என்று பட்டறையில் கூட்டாளிகளிடம் சொல்வாராம். அது பெருமையா புகாரா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. திருத்துவதற்கு வேறு ஆளும் இல்லை.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அன்று அவருக்கு வார லீவு, வீட்டில் இருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு, தையல் விட்ட இடம், பொத்தான் கோணல் எல்லாம் பார்த்து ஒதுக்குவது என் வேலை. செல்போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதனால் அவர் காலை ஒன்பது மணிக்குத் தன் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். கணவரின் அண்ணனை இந்தப் பக்கம் மூத்தார் என்பார்கள். என் மூத்தார் திருமழிசையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நாக்கு குழற இவர் என்னவோ சொல்ல, அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. "இன்னாடா, காத்தாலியே ஊத்திகினியா? போய் கவுந்தடிச்சி தூங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இவர் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் குடித்தவர்தான். ஆகவே அண்ணன் நினைத்ததிலும் பெரிய அநியாயம் இல்லை. பகல் ஒரு மணிக்கு மேல் பின்போர்ஷன் பெண் கொடியில் துணி எடுக்க வந்தவள், ஜன்னல் வழியாக, தரையில் எச்சில் ஒழுகக் கிடந்தவரைப் பார்த்தாள்.

"ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கும்மா. ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். இப்ப நேரம் தாண்டிடுச்சு" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். விஷயம் கேள்விப்பட்டு மூத்தார் ஓடி வந்தார். வார்டு வராண்டாவில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வைத்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "குடிச்சிட்டுப் பேசறான்னு போனை வெச்சீங்களே மாமா, உங்க தம்பி நாக்கை நீங்கதான் அறுத்தீங்க." ஆறடி மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எனக்கு அது திருப்தியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அதுவும் திருப்தியாக இருந்தது.

இரண்டு மாதத்தில் நடை வந்தது, ஒரு காலை இழுத்துக்கொண்டு. வலது கை பாதி வந்தது, ஆனால் பேனா பிடிக்கிற அளவுக்கு இல்லை. பேச்சுதான் வரவே மாட்டேன் என்றது. ஆவடியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி இருந்தாள். நாகர்கோவில்காரி, இருபத்தைந்து வயதுக்குமேல் சொல்ல முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போவேன். முதல் நாள் படம் படமாகக் காட்டி, பெயர் சொல்லச் சொன்னாள். வாழைப்பழப் படத்தைக் காட்டினாள். "மாயம்மயம்" என்றார். அவள் தாளில் மூன்று பெருக்கல் குறி போட்டாள்: வ வரவில்லை, ப வரவில்லை, ழ வரவில்லை.

"ழ அவருக்கு என்னைக்கும் வராதும்மா. அதைப் போய் வியாதியில சேர்க்காதீங்க" என்றேன். பெண் சிரித்துவிட்டு மூன்றாவது குறியை அடித்தாள். அவரும் சிரித்தார். நாங்கள் நிறுத்திய பிறகும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்ட, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு முட்ட முட்டச் சிரித்தார். என் நகைச்சுவைக்கு அவ்வளவு மதிப்பு அதுவரை கிடைத்ததில்லை.

பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, இது சிரிப்பு இல்ல. சார் இப்ப வருத்தத்துல இருக்காங்க. மூளையில சிரிப்புக்கும் அழுகைக்கும் ஒரு பிடி இருக்கும். அது விட்டுப்போச்சு. துக்கம் வந்தாலும் கோவம் வந்தாலும் சில பேருக்கு இப்படிச் சிரிப்பாத்தான் வரும். வீட்டுக்கு வர்றவங்க தப்பா எடுத்துக்குவாங்க. முன்கூட்டியே சொல்லி வெச்சிருங்க." நான் சரி என்றேன்.

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். சொல் ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, புத்தியும் தெளிவு. மூளையிலிருந்து உதட்டுக்கும் நாக்குக்கும் போகிற உத்தரவில்தான் பலம் இல்லை. ப சொல்ல வேண்டுமென்றால் இரண்டு உதடும் இறுக மூடி வெடிக்க வேண்டும். அவர் உதடு மூடுவதற்குள் காற்று ஓடிவிடும். வாயின் மேற்கூரைக்குப் பின்னால் ஒரு சதை உண்டு, அது மேலே எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைக்கும். அவருக்கு அது தொங்கிவிட்டது. அதனால் எல்லாப் பேச்சும் மூக்கு வழியாகப் போயிற்று. ப எல்லாம் ம. ட எல்லாம் ண. த எல்லாம் ந. பாப்பா மாமாவானது, அப்பா அம்மாவானார். க தொண்டையோடு நின்றுவிடும். மூக்கிலேயே பிறக்கிற சொற்கள் மட்டும் பழுதில்லாமல் வந்தன. அம்மா வந்தது. மாமா வந்தது. அண்ணா வந்தது. என்னைக் கூப்பிடுகிற "இன்னாமே"வும் மணியாக வந்தது.

அங்கே பெஞ்சில் இன்னொருவர் வந்து உட்காருவார். நாக்கை நீட்டுங்கள் என்றால் எப்படி நீட்டுவது என்று தெரியாமல் விழிப்பார். டீ குடித்து முடித்ததும் அதே நாக்கு தானாக வெளியே வந்து மீசையைத் துடைத்துக்கொண்டு போகும். அவருக்கு உத்தரவே கலைந்துபோகிற நோய், இது வேறு, என்றாள் பெண். நம் ஆளுக்கு அதாவது இல்லையே என்று எனக்குச் சந்தோஷம். அடுத்தவன் நோயைப் பார்த்துச் சந்தோஷப்பட அந்த மாதிரிப் பெஞ்சைப்போல இடம் கிடைக்காது.

ஆறு மாதத்தில் அவர் பேச்சு முழுக்க எனக்குப் புரிய ஆரம்பித்தது. எனக்கு மட்டும். மால் என்றால் பால், ணீ என்றால் டீ, ஊணு என்றால் வீடு, அதாவது அவருடைய ஊடு. செக்கர் கண் என்று சொல்வார்களே, எனக்குச் செக்கர் காதும் இருந்தது. வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்வதுதான் அவர் சொன்னது.

முதலில் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு கொஞ்சம் வெட்டினேன். பிறகு மாற்றினேன். பட்டறை ஆட்கள் வந்தால் "குந்து, துன்னுட்டு போலாம்" என்று சொல்வார். எனக்கு அடுப்பு மூட்டப் பிடிக்கவில்லை. "அசதியா இருக்காம், இன்னொரு நாள் வாங்கங்கறாரு" என்பேன். அவர் என்னைப் பார்ப்பார். சிரிப்பு வரும். ஆள் நல்ல குஷியாக இருக்கிறான் என்று அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு மனுஷனின் முழுப் பேச்சும் என் நாக்கு வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது என்ன மாதிரி ருசி என்று ருசித்தவளுக்குத்தான் தெரியும். வட்டக் கவுன்சிலருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது.

மூத்தார் அதுவரை வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் பேசிய பேச்சு அவரை வரவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கையில் ஒரு பை வேர்க்கடலை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கட்டிலில் இருந்த தம்பியின் காலடியில் தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"டேய், தெரியாம சொல்லிட்டேன்டா. குடிச்சிகினு பேசறேன்னு நெனச்சிட்டேன். அன்னிலருந்து தூக்கமே இல்லடா எனுக்கு. என் மேல கோவமா கீறியா? ஒரே ஒரு வார்த்த சொல்லுடா, போதும்."

என் வீட்டுக்காரர் அண்ணனின் தலையில் கையை வைத்தார். வாய் கோணியது. மூச்சை இழுத்து, விட்டு, இழுத்துச் சொன்னார். "ஓமம்… இல்ல… அண்ணா."

முதல் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது. கோவம் இல்லண்ணா. இதைவிட எளிதான வாக்கியத்தை அவர் அந்த ஆறு மாதத்தில் சொன்னதில்லை. மூத்தாருக்கு 'இல்ல'வும் 'அண்ணா'வும் மட்டும் பிடிபட்டது. முதல் சொல் பிடிபடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றான்?"

"எனக்கு அண்ணனே இல்லங்கறாரு" என்றேன்.

அவர் காதில் விழுந்த இரண்டு சொல்லும் என் வாக்கியத்தில் இருந்தன. சந்தேகப்பட அவருக்கு வழியே இல்லை. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். அவர் சரியான காலில்தான் விழுந்தார். பதிலைத்தான் சாட்சிக்காரியிடம் கேட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தடவை வந்தால் கால் மணி நேரம் நிற்காத சிரிப்பு. அண்ணனின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே சிரித்தார். எச்சில் ஒழுகச் சிரித்தார். நடு நடுவே "அண்ணா, அண்ணா" என்று மட்டும் சுத்தமாக வந்தது. கேட்கிறவனுக்கு அது கேலியாகத்தான் இருந்திருக்கும். மூத்தார் கொஞ்ச நேரம் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை விட்டுவிட்டு எழுந்தார். "சரிடா. நல்லா இரு" என்றார்.

இது சிரிப்பு இல்லை மாமா, வியாதி. இவ்வளவு சொன்னால் போதும். அவர் செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து, தெருமுனை திரும்புகிறவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் அடுப்பில் வைத்த பாலை இறக்கப் போனேன்.

இதுவரை ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டி வந்திருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் நான் வெறும் கெட்டவளாகத் தெரிவேன். சொன்னால் இன்னும் கெட்டவளாகத் தெரிவேன். பரவாயில்லை.

அந்தப் பக்கவாத நாளில் காலை ஏழு மணிக்கு நான் டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று என்னவோ சொன்னார். கொழகொழவென்று இருந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒழுங்கா பேசுங்க" என்றேன். மறுபடி சொன்னார். ஒரு பக்க உதடு சரிந்திருந்தது. குடித்த தண்ணீர் பனியனில் வழிந்திருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது, பிசிறு பார்க்கிறதுதான் என் பிழைப்பு. தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "கீது கோதுன்னு இல்லாம தமிழ்ல சொல்றதுன்னா சாயந்தரம் வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். மூன்றாவது தடவை அவர் சொன்னபோது நான் படியில் இருந்தேன்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "காலையில நான் கிளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாரு டாக்டர்" என்றேன். அந்தப் பொய்யை யாரும் சோதிக்கவில்லை. இவர் போனில் ஒன்பது மணிக்கு அண்ணனுக்குப் போன அழைப்பு இருந்தது. அதை எடுத்து எல்லோரிடமும் காட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூத்தார் குரலைத்தான் கேட்டார். நான் முகத்தையே பார்த்தேன், அதுவும் இரண்டு மணி நேரம் முன்னால்.

இது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்ல அவருக்கு என் வாய்தான் வேண்டும், அதனால் நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அண்ணன் வந்து காலடியில் உட்கார ஆரம்பித்தால்? பேச்சு புரிகிறவரைக்கும் பொறுமையாக உட்காருகிற மனுஷன் அவர். கோவம் இல்லை என்று தெரிந்தால் தினமும் வருவார். ஒரு மாதத்தில் அவருக்கும் மால், ணீ எல்லாம் புரிந்துவிடும். அப்புறம் அன்று காலை ஏழு மணிக்கு நடந்ததும் ஒரு நாள் வெளியே வரும். அது வரக் கூடாது என்றுதான் செய்தேன். கோபத்தில் செய்ததல்ல. யோசித்துச் செய்தது. யோசிக்க எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

அண்ணன் வந்துபோன அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். தண்ணீருக்கு விரலைக் காட்டுவார். பசித்தால் தட்டைத் தொடுவார். "இன்னாமே"வும் நின்றது. அண்ணனுக்குப் போன் போடவும் முடியாது. கீழே போட்டு உடைத்துவிடுவார் என்று சொல்லி அவர் போனை நான் என் பையிலேயே வைத்திருந்தேன்.

ஆவடி மாடியில் மட்டும் பேசினார். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன், கதவு வழியாகக் கேட்கும். தினமும் கட்டாயம் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாளாம் அந்தப் பெண். மற்றவர்கள் தண்ணி வேணும், பாத்ரூம் போகணும் என்று எடுப்பார்களாம். இவர் அண்ணனிடம் சொன்ன அந்த வாக்கியத்தை எடுத்திருந்தார். ஒவ்வோர் அசைக்கும் தொடையில் ஒரு தட்டு. அவசரப்படக் கூடாது. மூக்கு வழியாகக் காற்று போனால் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். "ஓ. மம்." தட்டு. "ஓ. வம்." தட்டு. க வருவதற்காகக் காக்கா, காக்கா என்று அரை மணி நேரம் சொல்ல வைப்பாள். ஐம்பது வயது மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு காக்கா காக்கா என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு நாள், "கோ. வம். இல். லண். ணா" என்று வந்தது. பெஞ்சில் இருந்த மீசைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "அக்கா, கேட்டீங்களா? அவங்க அண்ணன்கிட்ட சொல்லணுமாம். இந்த ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போயிருங்க. வீட்டுலயும் நல்லா பேச வைக்கீங்க போல!" என்றாள். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிடுவோம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே சட்டை மாட்டி, பொத்தானை ஒரு கையால் போட்டு, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லி நான் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு மழை பெய்தது, கால் வழுக்கும் என்றேன். மூன்றாவது ஞாயிறு, "போன் பண்ணிக் கேட்டேன், மாமா வெளியூர் போயிருக்காராம்" என்றேன். அன்றைக்கு நான் குளிக்கப் போன நேரத்தில் அவர் தனியாகக் கிளம்பிவிட்டார். காலை இழுத்து இழுத்து ஆட்டோ ஸ்டாண்டுவரை போயிருக்கிறார். திருமழிசை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரை அவர் பழகவில்லை. நிருமயிச, நிருமயிச என்று வந்திருக்கிறது.

ஸ்டாண்டில் ஒருவன், "இன்னா நைனா, காத்தாலியே ஃபுல்லா?" என்றானாம். இன்னொருவன் அவரைப்போலவே சொல்லிக் காட்டினானாம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் குடிகாரன் இல்லை என்று யார் நம்புவார்கள்? வீடு தெரிந்த ஒருவன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கேட்டில் விட்டான். "கொஞ்சம் பாத்துக்கமா, அண்ணாத்தே ரோட்ல உழுந்துறப் போறாரு" என்றான். அவர் குடிக்கவில்லை என்று நான் அவனிடமும் சொல்லவில்லை. நன்றி சொல்லிக் கேட்டைப் பூட்டினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் லாக்கரிலிருந்து பையை எடுத்தேன். என் போனில் பதினொரு தவறிய அழைப்பு, அவர் போனில் ஒன்பது. எல்லாம் திருமழிசையிலிருந்து. லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தபோது மூத்தாருக்கு மார்வலி வந்திருக்கிறது. மதியமே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சிரித்தார். சோறு ஆறிப்போகிறவரைக்கும் சிரித்தார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை திருமழிசைக்குப் போனோம். தெருவில் பந்தல் போட்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள். அவர் என் கையை உதறிவிட்டுத் தனியாகப் பெட்டியிடம் போனார். கண்ணாடிக்கு நேராகக் குனிந்தார். தொடையில் தட்டினார். "கோ. வம். இல். லண். ணா." நன்றாக வந்தது, ஆவடியில் வந்ததைவிட நன்றாக. மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. "எயவு ஊட்ல வந்து சிரிக்கிறான் பாருய்யா" என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். நான் ஓடினேன். "அது சிரிப்பு இல்ல! வியாதி! அவர் அழறாரு, விடுங்க" என்று கத்தினேன். அன்று தெருமுனைவரை சொல்லாமல் வைத்திருந்த அதே வாக்கியம், இப்போது ஒரு பந்தல் நிறைய ஜனத்துக்குக் கேட்டது. ஒருவரும் நம்பவில்லை.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, எழுந்து வந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. "அன்னிக்கும் இப்டித்தான் சிரிச்சாராம். 'எனுக்கு அண்ணனே இல்லன்னுட்டான்டி' அப்டின்னு ஊட்டுக்கு வந்து செவுத்த பாத்துகினு குந்துனவருதான். அப்பாலேர்ந்து ஒரு வாய் சோறு நேரா எறங்கல அவருக்கு" என்றாள். என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "இப்ப இன்னா சொல்லிகினு கீறாரு உன் ஊட்டுக்காரரு? உனுக்குத்தான புரியும். சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் உண்மை.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சிரிப்பை அடக்க மூச்சைப் பிடித்தார், இரண்டு மூன்று தடவை பிடித்தார். இடது கையால் மூக்கை இறுக்கிக்கொண்டார். வலது கை, பாதிதான் வந்த கை, தொடையில் விழுந்தது. இந்த வாக்கியத்தை எங்கே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் எத்தனை நாள் பழகினாரோ.

"அண்ணி. அன்னிக்கி. இவ. சொன்னது. பொய்."

ப நன்றாக வெடித்தது. ஓரகத்தி அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், பெட்டிக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார வைத்தாள். அவர் கண்ணாடியில் கையை வைத்து, மறுபடியும் தட்டித் தட்டி அண்ணனிடம் பேச ஆரம்பித்தார். என்ன சொல்கிறார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.